காலம் கரந்த பெயரடை

ஒரு பொறியியல் கல்லூரி தன் ஆய்வகத்தை 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்' என்று விளம்பரப்படுத்தினால், இதைவிடப் புதியது வேறெங்கும் இல்லை என்று பொருள். காப்புரிமை அலுவலகத்தின் தேர்வாளர் ஒருவர் விண்ணப்பதாரருக்கு எழுதும் கடிதத்தில் அதே தொடர் வந்தால், 'நீங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வது ஏற்கெனவே ஊரறிந்த பழைய சங்கதி' என்று பொருள். முதலாவதைப் படித்த பெற்றோர் கட்டணம் கட்டத் தயாராகிறார்கள். இரண்டாவதைப் படித்தவர் கட்டிய பணம் போயிற்றே என்று வழக்கறிஞரைத் தேடுகிறார். நான்கே சொற்கள் கொண்ட ஒரு தொடர் ஓரிடத்தில் புதுமையின் உச்சியையும் இன்னோரிடத்தில் பழமையின் மொத்தக் கிடங்கையும் எப்படிக் குறிக்கிறது?

இதை ஆங்கிலத்தின் விநோதங்களில் ஒன்று என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இத்தொடரின் வரலாற்றைப் பார்த்தால் விநோதம் ஏதும் இல்லை. அது பெயர்த்தொடராக இருந்த காலம் முழுக்க ஒரு தேதியைச் சுமந்துகொண்டிருந்தது. பெயரடையாக மாறியபோது அந்தத் தேதி கழன்று விழுந்தது. தேதியோடு இருக்கும்போது அது ஓர் அளவுகோல். தேதி போனபின் வெறும் புகழ்ச்சி. இரண்டு வழக்குகளும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் உயிரோடு இருப்பதால்தான் குழப்பம்.

முதலில் 'ஆர்ட்' என்ற சொல். ஆர்ட் டைரக்டர், ஆர்ட் கேலரி என்று பழகிய நம் காதுக்கு அது ஓவியம், சிற்பம் சார்ந்ததாகவே கேட்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் எல்லை மிக அகலம். கொல்லர் செய்வதும் சாயம் காய்ச்சுபவர் செய்வதும் ஆர்ட்தான். 1754இல் லண்டனில் தொடங்கப்பட்டு இன்று ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் என்று அறியப்படும் சங்கம் முதலில் அறிவித்த பரிசுகள் எவை தெரியுமா? பிரிட்டனில் கோபால்ட் தாது கண்டெடுப்பவருக்கு ஒன்று. சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி இனச் செடியைப் பயிரிடுபவருக்கு ஒன்று. நன்றாக வரையும் சிறுவர் சிறுமியருக்கு ஒன்று. மூன்றும் ஒரே கூரையின் கீழ் ஆர்ட்ஸ். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, பயனுள்ள 'ஆர்ட்ஸ்' வளர்வதற்காகக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை வழங்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது. அங்கே பேசப்படுவது தொழில்நுணுக்கம். தமிழ் வாசகருக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. ஆய கலைகள் அறுபத்து நான்கில் மருத்துவமும் இரத்தினச் சோதனையும் போர்ப்பயிற்சியும் இசையோடும் கூத்தோடும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. கலை என்றால் பொழுதுபோக்கு என்று ஆனது நம்மிடமும் பிற்காலத்துச் சுருக்கம்தான்.

ஆக, அந்தத் தொடரை நேராகப் பிரித்தால் கிடைப்பது 'அந்தத் தொழில் இன்ன நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது' என்பது மட்டுமே. அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

சொல்லாராய்ச்சிக் குறிப்புகள் இத்தொடரின் பழைய சான்றாக வழக்கமாகக் காட்டுவது 1910இல் வெளிவந்த ஒரு பொறியியல் நூலை. ஹென்றி ஹாரிசன் சப்ளி என்ற அமெரிக்கப் பொறியாளர் கேஸ் டர்பைன் பற்றி எழுதியது. ஆனால் அமெரிக்கக் காப்புரிமை வழக்குகளில் இது அதற்கும் முன்பே சர்வசாதாரணமாகப் புழங்கியிருக்கிறது. 1875இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த 'பிரவுன் எதிர் பைப்பர்' வழக்கு நல்ல உதாரணம். மீனை உறைகலவையால் குளிரூட்டிய அறையில் வைத்துக் கெடாமல் பாதுகாக்கும் முறைக்கு ஒருவர் காப்புரிமை வாங்கியிருந்தார். அது செல்லாது என்றது நீதிமன்றம். காரணம், ஐஸ்கிரீம் செய்யும் பாத்திரம். பனிக்கட்டியும் உப்பும் கலந்தால் உள்ளே இருப்பது உறையும் என்பது வீட்டுச் சமையலறைக்கே தெரியும். அதற்குத் தனியாகச் சாட்சி வேண்டியதில்லை என்று நீதிபதிகள் தாங்களாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்' என்றால் என்ன என்பதற்கும் அத்தீர்ப்பு விளக்கம் தருகிறது: கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் நாளில் எது பழையதாகவும் பொதுப் புழக்கத்திலும் இருந்ததோ அதற்கான சான்று. பழையது என்ற சொல்லே அங்கே இருக்கிறது. இன்றைய விளம்பர எழுத்தாளர் பார்த்தால் திடுக்கிடுவார்.

சப்ளியின் நூலில் வரும் இடமும் அதே அளவு சுவையானது. அங்கே இத்தொடர், தொழில் இன்றிருக்கும் நிலையில் இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையை விரிக்கும் வாக்கியத்தில் இடம்பெறுகிறது. அவர் அப்படிச் சொன்னதில் தவறே இல்லை. கேஸ் டர்பைனில் காற்றை அழுத்தி உள்ளே தள்ள ஒரு கம்ப்ரசர் வேண்டும். அன்றைய கம்ப்ரசர்கள் டர்பைன் உண்டாக்கிய சக்தியில் பெரும்பகுதியைத் தாங்களே விழுங்கிவிட்டன. வெப்பத்தைக் கூட்டினால் மிச்சம் கிடைக்கும். கூட்டினால் சுழலும் தகடுகளின் உலோகம் தாங்காது. நார்வேக்காரர் எகிடியஸ் எல்லிங் 1903இல் தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு 11 குதிரைத்திறன் மிச்சம் தரும் ஒரு டர்பைனை ஓட்டிக் காட்டியதே பெரிய சாதனையாக இருந்தது. பாரிசில் ஆர்மென்கோவும் லெமாலும் கட்டிய இயந்திரம் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ 3 விழுக்காட்டைத்தான் வேலையாக மாற்றியது. 1939 வந்தபோது சுவிட்சர்லாந்தின் நெயுஷாடெல் நகரில் 4,000 கிலோவாட் மின்சாரம் தரும் கேஸ் டர்பைன் நிறுவப்பட்டது. அதன் திறன் சுமார் 17 விழுக்காடு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியில் முதல் ஜெட் விமானம் பறந்தது. இடையில் மாறியவை உலோகக்கலவைகளும் காற்றியக்க அறிவும்தான். சப்ளியின் வாக்கியம் 1910க்கு உண்மை, 1939க்குப் பொய். தேதி இருந்ததால்தான் அது உண்மையாக இருக்க முடிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இத்தொடர் பெயருக்கு முன்னால் போய் அமர்ந்து அடைமொழியாகத் தொழில் செய்யத் தொடங்கியது. அச்சில் அந்த மாற்றத்தின் அடையாளம் சிறு கோடுகள். பெயர்த்தொடராக வரும்போது நான்கு சொற்களும் இடைவெளியோடு நிற்கும். அடைமொழியாக வரும்போது மூன்று இணைகோடுகள் போட்டு ஒரே சொல்போல் கோத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இது பொது விதி. முழுச் சொற்றொடரையும் உறைய வைத்துப் பெயருக்கு முன் நிறுத்தும் வசதி அம்மொழிக்கு உண்டு. 'அப்-டு-டேட்' என்பதும் அதே அச்சில் வார்த்ததுதான். அதன் வயிற்றுக்குள் தேதி என்ற சொல்லே இருந்தும் யாரும் எந்தத் தேதி என்று கேட்பதில்லை.

இலக்கணத்தில் நடந்தது இதுதான். பெயர்த்தொடரோடு 'எந்தத் தொழிலில்', 'எந்த ஆண்டில்' என்ற இரண்டையும் ஒட்ட வைக்கலாம். 1910இல் டர்பைன் தொழிலின் நிலை என்று சொல்லலாம். சொல்லாவிட்டாலும் கேட்பவர் கேட்பார். பெயரடைக்கு அந்த ஒட்டுமிடம் கிடையாது. ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட் சமையலறை என்றால் எந்த ஆண்டின், யாருடைய தொழிலின் என்ற கேள்வி எழ வழியில்லை. நம் இலக்கணக்காரர்கள் வினைத்தொகையைக் காலம் கரந்த பெயரெச்சம் என்பார்கள். ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய் மூன்றும் அடங்கும். காலம் ஒளிந்திருக்கிறது, விரித்தால் வெளியே வரும். ஆங்கிலப் பெயரடையில் காலம் ஒளிந்திருக்கவில்லை, தொலைந்தே போயிற்று. விரித்தாலும் வராது. 1990இல் அச்சிட்ட ஒரு கையேடு தன் நூலகத்தைப் பற்றிச் சொன்ன அதே அடைமொழியை 2020இலும் ஓர் எழுத்து மாற்றாமல் வைத்திருக்க முடிவது இதனால்தான்.

காலத்தைத் தொலைக்காமல் வைத்திருக்கும் இடங்களில் இத்தொடர் எவ்வளவு கடுமையாக உழைக்கிறது என்பதைப் பார்க்கக் காப்புரிமைச் சட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

1973இல் மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 54ஆம் பிரிவு இத்தொடருக்கு வரையறை தருகிறது. விண்ணப்பம் தாக்கலான நாளுக்கு முன், எழுத்து மூலமோ வாய்மொழியாகவோ பயன்பாட்டாலோ வேறெந்த வழியாலோ பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி ஆன அனைத்தும் அதில் அடங்கும். எந்த நாடு, எந்த மொழி, எத்தனை பேர் படித்தார்கள் என்பதெல்லாம் பொருட்டல்ல. ஒருவர் கூடப் படித்திருக்க வேண்டியதில்லை. படித்திருக்க முடியும் என்றால் போதும். இந்த வலையின் கண்கள் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு இங்கிலாந்தின் பாய்மரப் பலகை வழக்கு சாட்சி. அலைமேல் நின்றுகொண்டு பாயைக் கையால் பிடித்துச் செலுத்தும் விளையாட்டுப் பலகைக்கு அமெரிக்கர்கள் இருவர் 1968இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். 1980களில் அது இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்தபோது எதிர்த்தரப்பு தோண்டி எடுத்தது 1958ஆம் ஆண்டின் ஒரு சம்பவத்தை. ஹேலிங் தீவுக் கரையோரம் 12 வயதுச் சிறுவன் ஒருவன் தானே செய்த பலகையில் கோடை வார இறுதிகளில் விளையாடியிருக்கிறான், பார்ப்பவர் யாரும் பார்க்கும்படி. அவன் பிடித்த கழி நேரானது, காப்புரிமை பெற்றதன் கழி வளைந்தது என்று வாதிட்டுப் பார்த்தார்கள். நேரான கழியும் காற்றில் பாய் இழுக்கும்போது வளையத்தான் செய்யும் என்றது நீதிமன்றம். உரிமை ரத்தானது. ஒரு சிறுவனின் விளையாட்டு அந்தத் தொழிலின் ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்டாக நின்றது.

அமெரிக்கா மட்டும் நெடுங்காலம் வேறு கணக்கு வைத்திருந்தது. உள்நாட்டில் ஒன்று பழக்கத்தில் இருந்தால் அது முன்பே அறியப்பட்டது. வெளிநாட்டில் என்றால் பழக்கம் போதாது. அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். மஞ்சள் விவகாரம் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. புண்ணை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவில் கோடிக்கணக்கான வீடுகளில் அடிபட்ட முழங்காலில் மஞ்சள் பூசியது அந்தச் சட்டத்தின் கண்ணில் ஆதாரம் ஆகாது. அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சிக் குழுமம், அப்போதைய தலைமை இயக்குநர் ஆர்.ஏ. மஷேல்கரின் முனைப்பில், 32 எழுத்துச் சான்றுகளைத் திரட்டி மறுஆய்வு கோரியது. பழைய சமஸ்கிருத நூல்களோடு 1953இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் அவற்றில் இருந்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. இதைப் பாட்டி வைத்தியத்தின் வெற்றி என்று நம் பத்திரிகைகள் கொண்டாடின. உண்மையில் வென்றது அச்செழுத்து. பாட்டியை அந்த அலுவலகம் உள்ளேயே விடவில்லை. 2011இல் நிறைவேறி 2013 மார்ச் 16 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் உலகின் எந்த மூலையில் பொதுவில் கிடைத்தாலும் கணக்கு என்ற நிலைக்கு அமெரிக்கா வந்தது.

வேம்பு வழக்கு ஐரோப்பாவில் நடந்ததால் அதன் போக்கு வேறு. வேப்பெண்ணெய்ச் சாற்றால் பயிர்களில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சி உறுப்பினர் மக்டா ஆல்வோட், வந்தனா சிவா, இயற்கை வேளாண்மை இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஆகியோர் ஆட்சேபித்தார்கள். அங்கே வாய்மொழியும் பயன்பாடும் சட்டப்படி செல்லும். ஆனாலும் 'எங்கள் உழவர்களுக்கு இது காலம் காலமாகத் தெரியும்' என்ற பொதுவான முழக்கத்துக்குப் பெரிய எடை கிடைத்துவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் 1980களின் நடுவில் வேப்பஞ்சாற்றை வயலில் சோதித்த இந்தியத் தொழில்துறைக்காரர் ஒருவர் மியூனிக்குக்குப் போய் எந்த ஆண்டு, எந்த முறையில் என்று சாட்சி சொன்னார். அது எடுபட்டது. 2000 மே மாதம் காப்புரிமை ரத்து. 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடி. காலம் காலமாக என்பது தேதி ஆகாது. காப்புரிமைத் தேர்வாளருக்கு வேண்டியது தேதி.

இந்திய அரசு இதிலிருந்து கற்றுக்கொண்டதன் விளைவு, 2001இல் தொடங்கிய மரபு அறிவு மின்னூலகம். ஆயுர்வேத, யுனானி நூல்களோடு சித்த மருத்துவ நூல்களும் அதில் சேர்க்கப்பட்டன. சித்தர் பாடல்கள் செய்யுளில் இருக்கின்றன. பல சரக்குகளின் பெயர்கள் பரிபாஷை என்னும் மறைசொற்களில் இருக்கின்றன. தமிழ் படித்தவருக்கே உரையில்லாமல் விளங்காதவற்றை மியூனிக்கில் இருக்கும் தேர்வாளர் எப்படித் தேடுவார்? சட்டப்படி அப்பாடல்கள் என்றைக்குமே 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்'டுக்குள் இருந்தவைதாம். தேடும் கைக்கு எட்டாமல் இருந்தன, அவ்வளவே. மின்னூலகம் அவற்றின் மருந்துக் குறிப்புகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் வகைப்பாட்டு எண்களோடு கொடுக்கிறது. 2009இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதைப் பயன்படுத்த உடன்பாடு செய்துகொண்டது. நம் காப்புரிமைச் சட்டமும் 2005 திருத்தத்தில் 'புதிய கண்டுபிடிப்பு' என்பதை வரையறுக்கும்போது இதே ஆங்கிலத் தொடரைக் கையாள்கிறது. இந்தியாவிலோ வேறெங்குமோ ஓர் உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்மொழியாக இருந்த அறிவைக் காட்டியும் ஆட்சேபிக்கலாம் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவு. கிண்டியில் இருக்கும் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஓர் இருளர் முதியவர் வந்து, இந்த வேரை இன்ன ஆண்டுக்கு முன்பே என் தகப்பன் பயன்படுத்தினார் என்று எழுத்தில் மனுப்போட வேண்டியிருக்கும் என்பதுதான் சிக்கல்.

காப்புரிமையில் 'கிடைக்கும்படி இருந்ததா' என்பதே கேள்வி. பொருளால் கேடு விளைந்து இழப்பீடு கேட்கும் வழக்குகளில் இதே தொடர் கட்சி மாறி, உற்பத்தியாளரின் கேடயமாக வருகிறது. அமெரிக்கச் சட்டத்தில் அதற்குப் பெயரே 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்' எதிர்வாதம். பொருளைச் சந்தைக்கு விட்ட நாளில் இப்படி ஒரு ஆபத்து இருப்பதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதே வாதம். ஐரோப்பாவின் 1985ஆம் ஆண்டு நெறியாணை 'ஆர்ட்' என்பதற்குப் பதில் அறிவியல், தொழில்நுட்ப அறிவின் நிலை என்று எழுதியது, சாரம் ஒன்றுதான். யாருடைய அறிவு? உற்பத்தியாளரின் அறிவா, உலகத்தின் அறிவா? 1997இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஐரோப்பிய ஆணையம் பிரிட்டனுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தலைமை வழக்குரைஞர் டெசாரோ ஒரு கற்பனைக் காட்சியை முன்வைத்தார். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு சர்வதேச இதழில் எழுதுகிறார். மஞ்சூரியாவில் ஒருவர் அதே கண்டுபிடிப்பைச் சீன மொழியில், அந்த வட்டாரத்தைத் தாண்டாத ஓர் இதழில் எழுதுகிறார். முதலாவதைத் தெரியாது என்று ஓர் ஐரோப்பிய உற்பத்தியாளர் சொல்ல முடியாது. இரண்டாவதைத் தெரியாமல் இருந்ததற்காக அவரைப் பிடிப்பது நியாயமில்லை என்பது டெசாரோவின் கருத்து. நீதிமன்றமும் அறிவு எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஏற்றது.

இப்போது நம் சித்தர் சுவடியை இரண்டு தராசிலும் வைத்துப் பாருங்கள். ஒரு மூலிகையின் குணத்தைச் சொல்லும் செய்யுள் காப்புரிமைத் தராசில் முழு எடை. அதே மூலிகையின் நஞ்சைப் பற்றி எச்சரிக்கும் அடுத்த செய்யுள், இழப்பீட்டுத் தராசில் மஞ்சூரிய இதழாகிவிடக் கூடும். எனக்கு இது அநியாயமாகத் தோன்றவில்லை. ஒரு சட்டம் யாருக்கும் சொந்தமாகக் கூடாததைக் காக்கிறது, மற்றது ஒருவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று அளக்கிறது; அளவுகள் வேறாகத்தான் இருக்கும்.

கேடயத்துக்கும் எல்லை உண்டு. இங்கிலாந்தில் 1988க்கும் 1991க்கும் இடையில் இரத்தம் ஏற்றப்பட்டு ஹெபடைடிஸ் சி தொற்றிய 114 பேர் தேசிய இரத்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் கிருமி 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. இங்கிலாந்தில் தானம் தருவோரின் இரத்தத்தைச் சோதிப்பது 1991 செப்டம்பரில்தான் தொடங்கியது. எந்தப் பையில் கிருமி இருக்கிறது என்று எங்களால் எப்படித் தெரிந்திருக்க முடியும் என்றது எதிர்த்தரப்பு. 2001இல் நீதிபதி பர்ட்டன் அதை ஏற்கவில்லை. இரத்தத்தில் இப்படி ஒரு தொற்று வரும் என்பது மருத்துவ உலகுக்கு முன்பே தெரியும். எந்தப் பை என்று தெரியாமல் இருக்கலாம், ஆபத்து தெரியாதது அல்ல. தெரிந்த ஆபத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. நோயாளிகள் வென்றார்கள்.

ஜெர்மானியர் இன்னும் ஒருபடி போய் இந்தச் சொல்லைப் படிக்கட்டாகவே கட்டிவிட்டார்கள். கால்கர் என்ற ஊரில் ஒரு வேக ஈனுலை கட்டுவது பற்றிய வழக்கில் 1978 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. கல்பாக்கத்தில் இருப்பதைப் போலவே திரவ சோடியத்தால் குளிர்விக்கப்படும் அணு உலை. தொழில்நுட்பத் தரத்தை மூன்று படிகளாகப் பிரித்தது நீதிமன்றம். கீழ்ப்படி, தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு பின்பற்றும் விதிகள். இது எப்போதும் வளர்ச்சிக்குச் சற்றுப் பின்னால்தான் நடக்கும். நடுப்படிதான் 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்'டுக்கு நேரான ஜெர்மன் தொடர்: பலரும் இன்னும் பின்பற்றாவிட்டாலும் செய்து காட்டக்கூடிய முன்னணி நிலை. அதற்கும் மேல் ஒரு படி, அறிவியலின் நிலை. அணு உலைக்குச் சட்டம் கேட்பது இதைத்தான். அறிவியல் ஒரு பாதுகாப்பு தேவை என்கிறது, அதைச் செய்யத் தொழில்நுட்பம் இன்னும் வளரவில்லை என்றால், 'முடிந்ததைச் செய்தோம்' என்பது பதிலாகாது, அனுமதியே இல்லை. விளம்பரங்களில் சிகரமாக நிற்கும் சொல் இங்கே நடுப்படி. கால்கர் உலை 1985இல் கட்டி முடிக்கப்பட்டும் ஒருநாளும் இயங்கவில்லை. 1991இல் கைவிடப்பட்டு, பிறகு பொழுதுபோக்குப் பூங்காவாகிக் குளிர்விப்புக் கோபுரத்துக்குள் ராட்டினம் சுற்றுகிறது.

2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 32ஆம் பிரிவும் தகவல்களைக் காப்பவர் 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்'டைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது, செலவையும் சேர்த்து. நேற்றுப் போதுமானதாக இருந்த பூட்டு இன்று போதாது என்று ஆகலாம்; சட்டத்தைத் திருத்தாமலே கடமை தானாக ஏறும். நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தொடரைத் தவிர்த்து, 'நியாயமான' பாதுகாப்பு ஏற்பாடுகள் என்றதோடு நின்றுகொண்டது. ஏற்பாடு தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நியாயமானது எது என்பதை இனி வழக்குகள்தான் செதுக்க வேண்டும்.

ஆராய்ச்சியாளர்களிடம், குறிப்பாகச் செயற்கை நுண்ணறிவுக்காரர்களிடம், தொடர் 'சோட்டா' என்று சுருங்கி மறுபடியும் பெயர்ச்சொல்லாகியிருக்கிறது. அங்கே அது ஒரு எண். 2012இல் இமேஜ்நெட் போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற நிரல் படங்களை அடையாளம் காண்பதில் 15.3 விழுக்காடு பிழையோடு முதலிடம் பிடித்தது. இரண்டாவதாக வந்தது 26.2. மூன்றே ஆண்டுகளில் ரெஸ்நெட் என்ற இன்னொரு நிரல் அதை 3.57க்கு இறக்கியது. எந்தத் தேர்வு, எந்த நாள், என்ன எண் என்று மூன்றையும் சொல்லாமல் அந்தத் துறையில் யாரும் அச்சொல்லை வாயில் எடுக்க முடியாது. தேர்வுக்காகவே பயிற்சி கொடுத்து எண்ணை உயர்த்தும் வேலையும் நடக்கிறது. அது வேறு வியாதி.

தமிழுக்கு இத்தொடர் வந்தது பெயரடையாகத்தான், தேதி உதிர்ந்த பிறகு. அதனால் 'அதிநவீன' என்று ஆனது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் முன் இருந்தது விளம்பரமும் அரசுச் செய்திக்குறிப்பும்தான். அதிநவீன பேருந்து நிலையம், அதிநவீன நெல் உலர்த்தும் களம், அதிநவீன எரிவாயு தகன மேடை என்று அச்சொல் போகாத இடமில்லை. நவீனம் என்பதே புதிது. அதற்கு மேல் 'அதி'. தொழிலின் நிலை என்ற பாதி அதில் இடம் பெறவே இல்லை. காப்புரிமைத் தேர்வாளரின் கடிதத்தை இச்சொல்லை வைத்து மொழிபெயர்த்தால், 'உங்கள் கண்டுபிடிப்பு அதிநவீனத்தில் ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒரு விண்ணப்பதாரர் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் வாக்கியம் கிடைக்கும். அந்த இடத்தில் 'அதுவரை அறியப்பட்டவை' என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. நீளம்தான், ஆனால் 'வரை' என்ற சொல்லில் ஒரு தேதி உட்கார்ந்திருக்கிறது.

அதிநவீன சி.டி. ஸ்கேன் என்று ஒரு மருத்துவமனை டெண்டரில் எழுதுகிறது என்று வையுங்கள். 2004இல் என்றால் அந்த ஆண்டு புதிதாக வந்த 64 ஸ்லைஸ் கருவி அதற்குப் பொருந்தும். 2007இல் 320 வரிசைக் கருவி வந்துவிட்டது. 2021இல் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவிக்கு அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தந்தது. இன்றைக்கு 64 ஸ்லைஸ் கருவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு இதுவும் அதிநவீனம்தான் என்று சப்ளையர் சொன்னால் அந்த ஒரு சொல்லை வைத்து மறுக்க முடியாது. கொள்முதல் பிரிவில் அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும். முகப்புப் பக்கத்தில் அதிநவீன என்று போட்டுவிட்டு, ஸ்பெசிஃபிகேஷன் இணைப்பில் எத்தனை ஸ்லைஸ், எந்த ஆண்டுக்குப் பிந்தைய மாடல், எந்தத் தரச்சான்று என்று எண்ணாலும் தேதியாலும் நிரப்புகிறார்கள். தகராறு வந்தால் இரு தரப்பும் புரட்டுவது இணைப்பைத்தான்; முகப்பைத் திறப்பு விழா அழைப்பிதழ் அடிப்பவர் எடுத்துக்கொள்வார்.